கால் முதலில், வயிறு பிறகு

குறைமாதக் குழந்தைகளின் அறையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். பிரசவ வார்டின் கோடியில் சன்னல்களையெல்லாம் அடைத்து, வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் உள்ளே அதைவிட வெக்கையாக வைத்திருந்த அறை அது. இன்குபேட்டர் இரண்டு. ஒன்று ஓடும், மற்றது துணி போர்த்தி மூலையில் நிற்கும். மீதிக் குழந்தைகளுக்கு மரத்தொட்டில், உடம்பைச் சுற்றிப் பஞ்சு, தலைக்கு மேலே நூறு வாட் பல்பு, காலடியில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை. எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் அதுவே பெரிய வசதி.

டியூட்டி மாறியதும் முதல் வேலை, ஒவ்வொரு தொட்டிலாகப் போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது. கால் முதலில், வயிறு பிறகு. இரண்டும் ஒரே சூடாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் கால் குளிர்ந்தும் இருந்தால், குழந்தை தன்னிடம் உள்ள கொஞ்சம் சூட்டையும் செலவழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுமே குளிர்ந்திருந்தால் ஓட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் இல்லை. ஆனால் சாதாரணத் தெர்மாமீட்டர் மிகக் குறைந்த சூட்டைக் காட்டாது. காட்டும் வகை எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது, எட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்து. அதனால் கையைத்தான் நம்பினோம்.

என் கை அந்த ஆஸ்பத்திரியில் பெயர் வாங்கிய கை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. குழந்தை டாக்டர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். ரவுண்ட்ஸ் வரும்போது சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "உன் கை என்ன சொல்றது?" என்று கேட்பார். "மூணாவது தொட்டில் சரியில்லை, டாக்டர்" என்பேன். பிறகுதான் தெர்மாமீட்டரை வைப்பார்கள். நான் சொன்னது தப்பியதில்லை.

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் பள்ளிக்கூடம் போனவள். இடுக்கிப் பக்கம் ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தேன். அப்பா உரம் சுமந்தார், அம்மா கொழுந்து எடுத்தாள். பத்தாவது பாஸ் ஆனபோது அம்மா என் மார்க் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டினாள். நர்ஸ் பயிற்சி முடித்து முதல் லீவுக்கு வெள்ளைச் சேலையும் வெள்ளைச் செருப்புமாக நான் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, லயத்துப் பெண்கள் குழாயடியிலிருந்தே குரல் கொடுத்தார்கள்.

"ஏட்டி, நம்ம தோட்டத்துப் பிள்ளையா இது? கொக்கு வந்து எறங்கிருக்குன்னுல்லா நெனச்சேன்!"

"கொக்கு சேத்துல நிக்கும். இவ நிப்பாளா? செருப்பப் பாரு."

நானும் சிரித்தேன். ஆனால் நான் சேற்றில் கால் வைக்கவில்லை என்பதும் உண்மைதான். அன்று அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனாள். அவள் விரல் நுனிகள் கறுத்து, தடித்து, வெடித்திருந்தன. என் கை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவின் கைகளை நினைத்து வருத்தம் வந்திருக்க வேண்டும். அன்று வரவில்லை.

எங்கள் அறையில் கிருமி சாக எல்லாவற்றுக்கும் கார்பாலிக் லோஷன்தான். நுழையும்போது கையை அதில் முக்க வேண்டும். ஒரு குழந்தையை விட்டு மறு குழந்தைக்குப் போகும்போது முக்க வேண்டும். தொட்டில், பால் குழாய், கிண்ணம், தரை எல்லாம் அதில்தான் துடைத்தோம். எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு ஷிப்டில் இரண்டு பேர்; ஒருத்தி லீவு என்றால் ஒருத்தி மட்டும். ஒரு நாளில் எத்தனை முறை கை லோஷனில் போய் வந்தது என்று நாங்கள் எண்ணியதில்லை. முதல் ஆண்டு தோல் உரிந்தது. இரண்டாம் ஆண்டு வெடித்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டோம். கையுறை பிரசவ அறைக்கு மட்டும்தான் வரும். கேட்டு எழுதினால், குழந்தையைத் தொட எதற்குக் கையுறை என்று பதில் வரும். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு வெடிப்பு தானாக நின்றது. கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அது பழக்கம் இல்லை என்று தெரிந்தது ஆறாம் ஆண்டில், ஆஸ்பத்திரி டீக்கடை வாசலில்.

என்னோடு டியூட்டி பார்த்த இளைய நர்ஸ் கொல்லங்கோட்டுப் பெண். வீட்டில் மலையாளம், வார்டில் எங்களோடு தமிழ். கடைக்காரர் நீட்டிய கண்ணாடி டம்ளரை வாங்கியவள் "அய்யோ" என்று மேஜையில் வைத்துவிட்டு விரலை உதறினாள். அதே சூட்டில் எனக்கும் ஒரு டம்ளர். நான் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன்.

"சேச்சி, சுடலையா?"

"என்ன சுட?"

"இது கை இல்ல. கனலு எடுக்கிற இடுக்கி! சும்மாவா இடுக்கி ஜில்லாக்காரி?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அன்று சாயங்காலம் விடுதியில் ஒரு வாளி வெந்நீரும் ஒரு வாளி பச்சைத் தண்ணீரும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை இறங்கிய பிறகுதான் எது எதுவென்று தெரிந்தது. விரல்கள் எதுவும் சொல்லவில்லை.

உணர்ச்சி போன விரல் என்றால் நர்ஸ் படித்தவளுக்கு முதலில் எந்த வியாதி நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வியாதியோடு ஒரு வீடும் நினைவுக்கு வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்தில், நாலாவது கதவில் இருந்த பெண்ணை ஒரு காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் பாயையும் துணிகளையும் வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். அந்த வீட்டுக்கு ரொம்ப நாள் யாரும் குடிவரவில்லை. அவள் புருஷன் தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அறையின் பொறுப்பில் இருந்த மூத்த சிஸ்டர் அந்த ஆண்டு ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த இடம் எனக்கு என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். லயத்தில் பிறந்து அந்த அறைக்குப் பொறுப்பாவது என் மனத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன்.

ஆகவே மறைத்தேன். விரலுக்குப் பதில் முன்கையால் தொட்டுப் பார்த்தேன். அதிலும் சந்தேகம் வந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக் குழந்தையின் உள்ளங்காலை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் அறையில் மாஸ்க்கை இறக்குவது மன்னிக்க முடியாத தப்பு. புதிதாக வந்தவர்களை அதற்காக நானே அழவைத்திருக்கிறேன். அந்த ஒற்றைத் தெர்மாமீட்டரை முன்பைவிட அதிகம் கையில் எடுத்தேன். ஒரு நாள் அது விரலிடுக்கிலிருந்து நழுவியதுகூடத் தெரியவில்லை. தரையில் விழுந்து உடைந்த சத்தம் கேட்டுத்தான் குனிந்தேன். புதிதற்கு எழுதிப் போட்டோம். வரவில்லை.

டாக்டர் வழக்கம்போல, "உன் கை என்ன சொல்றது?" என்று கேட்டார். "எல்லாம் சரியாயிருக்கு, டாக்டர்" என்றேன். அப்படி எத்தனை நாள் சொன்னேன் என்று நினைக்க இப்போதும் பயமாக இருக்கிறது.

அந்த நாட்களில்தான் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். விவசாயக் குடும்பம். ஏழாம் மாதத்தில் பிறந்த பெண் குழந்தை. அதற்கு முன் மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போனவை. அம்மாக்கள் அறைக்குள் வரக்கூடாது என்பது எங்கள் விதி; கிருமி வரும். காலையிலும் மாலையிலும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம். பாலைப் பிழிந்து அவுன்ஸ் கிளாஸில் கொடுத்துவிட்டுப் போகலாம். மற்ற அம்மாக்கள் கண்ணாடி முன்னால் அழுவார்கள். இவள் அழமாட்டாள், கேள்வி கேட்பாள்.

"ஏனுங்க சிஸ்டரு, அந்தப் பல்பு என்ர புள்ளை கண்ணைக் குத்தாதுங்களா?"

"குத்தாது. கண்ணுக்குத் துணி கட்டியிருக்கு பாருங்க."

"எங்கூட்டுல கோழிக்குஞ்சுக்கு இப்பிடித்தானுங்க பல்பு போட்டு வெப்பாங்க. ஆனா குஞ்சை நாங்க தொட்டுப் பாப்பமுங்க. இங்க நாந்தான் தொடக்கூடாது."

"கோழிக்குஞ்சும் உங்க குழந்தையும் ஒண்ணா?"

"இல்லீங்க. அதுக்குத்தான் கேக்கறனுங்க. ஒருக்கா, ஒரே ஒருக்கா தொட்டுக்கட்டுங்களா?"

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. நாங்க ஆறு வருஷமா இதையே பார்க்கிறோம். குழந்தை எப்படி இருக்குன்னு எங்க கைக்குத் தெரியும்."

இதைச் சொன்னபோது கைகளைக் கவுனுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆடி மாத மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. பல்புகள் அணைந்தன, இன்குபேட்டரின் ஓசை நின்றது. சற்று நேரத்தில் வந்துவிடும் என்று காத்திருந்தோம். வரவில்லை. கொல்லங்கோட்டுப் பெண் சமையற்கட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவர ஓடினாள். வெந்நீர்ப் பைகளில் சூடு நின்றது நான்கில்தான். எட்டுக் குழந்தைகள். யாருக்கு முதலில் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

முதல் தொட்டிலில் காலைத் தொட்டேன். வயிற்றைத் தொட்டேன். இரண்டாவது தொட்டில். மூன்றாவது. என் முன்கையும் ஈரத்தில் சில்லிட்டுப் போயிருந்தது. மாஸ்க்கை இறக்கிக் கன்னத்தில் வைத்தேன். பதற்றத்தில் முகம் வியர்த்துக் குளிர்ந்து அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசித் தொட்டில் வரை தொட்டுப் பார்த்தும் எட்டுக் குழந்தைகளும் என் கைக்கு ஒரே குழந்தையாக இருந்தார்கள்.

நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு வெளியே சித்தூர்ப் பெண் நின்றாள். பால் கொண்டுவந்திருந்தாள். இருட்டில் குழந்தை தெரியாததால் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்திருந்தாள்.

கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்தேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னேன். கவுனை மாட்டிவிட்டேன். அவள் நேராகத் தன் குழந்தையிடம் போகப் பார்த்தாள்.

"அங்கே இல்லை. இங்கேயிருந்து. ஒவ்வொண்ணா. கால் முதல்ல, வயிறு பிறகு. எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்தாள்.

"இது வெதுவெதுன்னு இருக்குதுங்க."

"அடுத்தது."

"காலு சித்தெ சில்லுனு இருக்குதுங்க. வயிறு பரவால்லீங்க."

அதற்கு ஒரு பை வைத்தேன். அடுத்ததும் அதற்கடுத்ததும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். ஐந்தாவது தொட்டிலில் அவள் கையை வைத்ததும் எடுக்கவில்லை.

"சிஸ்டரு, இது கெணத்துத் தண்ணியாட்டம் இருக்குதுங்க. காலும் அப்பிடித்தான், வயிறும் அப்பிடித்தான்."

அந்தக் குழந்தையைத்தான் நான் சற்று முன் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். இரண்டு பைகளை இரண்டு பக்கமும் வைத்து, பஞ்சை இறுக்கிச் சுற்றி, என் மார்போடு சேர்த்து எடுத்துக்கொண்டேன். எட்டாவதாகத்தான் அவள் தன் குழந்தையிடம் போனாள். அதன் பாதம் அவள் கட்டைவிரல் அளவுதான். அதைத் தொட்டுக்கொண்டு நின்றாள். "சூடா இருக்குதுங்க" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. வெந்நீர் வாளியோடு கொல்லங்கோட்டுப் பெண், அவள் பின்னால் மேட்ரன். கரண்ட் போனதும் எல்லா வார்டுகளையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மேட்ரன் மலையாளத்தில்தான் பேசுவார். அவர் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "இந்தப் பெண் உள்ளே எப்படி வந்தாள்?"

என் கையில் குளிர்ந்த குழந்தை. பதில் சொல்ல ஒரு விநாடிதான் இருந்தது. நான் கூட்டிவந்தேன் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் என் விரல்கள். விரல்கள் என்றால் அந்த ஜீப், கொளுத்திய பாய், காலியான வீடு.

"தெரியலை மேடம். நான் இந்தக் குழந்தையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். திரும்பினா நிக்கிறாங்க."

சித்தூர்ப் பெண் என் பக்கம் திரும்பினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாம வந்துட்டனுங்க. மன்னிச்சுக்கோணும்."

மேட்ரன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக, இத்தனை குழந்தைகளின் உயிரோடு விளையாடிவிட்டாய் என்றார். ஒரு வாரம் கண்ணாடி அருகேகூட வரக்கூடாது, பாலை ஆயாவிடம் கொடுத்தனுப்பு என்றார். அவள் கவுனைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள். அதை நான்தான் மாட்டிவிட்டேன் என்பது மேட்ரனுக்கு அப்போது தோன்றவில்லை. கரண்ட் வந்தது. ஐந்தாம் தொட்டில் குழந்தை சாயங்காலத்துக்குள் சூடு பிடித்துக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல பிடிச்சே. கை கைதான்" என்றார்.

மறுநாளிலிருந்து அவள் ஆஸ்பத்திரி முற்றத்தில் பலா மரத்தடியில் நின்றாள். மழை பெய்தால் சைக்கிள் கொட்டகைக்குப் போவாள். நின்றதும் திரும்பி வருவாள். அங்கிருந்து எங்கள் அறையின் அடைத்த சன்னல் மட்டும் தெரியும். மூன்று நாள் வேறு வழியாகப் போய் வந்தேன். நாலாவது நாள் போய் அவள் முன்னால் நின்றேன். குழந்தை நாற்பது கிராம் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். நல்லதுங்க என்றாள். பிறகு கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் உண்மையைச் சொல்லலை?"

அவள் என்னை வெகுளியாகப் பார்க்கவில்லை. கணக்காகப் பார்த்தாள்.

"என்ர புள்ளை உங்க கையிலதானுங்களே இருக்குது. உங்களைக் காட்டிக் குடுத்துப்போட்டு அதை உங்ககிட்டயே உட்டுட்டு வர முடியுங்களா? நாளைக்கு அதுக்குப் பாலு ஊத்தறது யாருங்க?"

நான் அப்படிச் செய்பவள் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அவளைப் பொறுத்தவரை நான் என்ன செய்பவள் என்று அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"உங்க கைக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டாள். "நீங்க தொட்டுப் பாத்துட்டுத்தான என்ரகிட்ட கேட்டீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தனுங்க, கண்ணாடியில."

நேராக மேட்ரன் அறைக்குப் போனேன். தைரியமாகப் போனேன் என்று சொல்ல முடியாது. படியில் ஒரு முறை திரும்பி இறங்கினேன், மறுபடி ஏறினேன். உள்ளே போய், அந்தப் பெண்ணை நான்தான் கூட்டிவந்தேன் என்று முதலில் சொன்னேன். கைகளைப் பற்றிப் பிறகு சொன்னேன்.

மேட்ரன் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "எத்தனை நாளாக?" என்றார். சொன்னேன். "அத்தனை நாளும் டாக்டரிடம் எல்லாம் சரி என்று சொன்னாயா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மோளே, உன்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டுவிட்டார். எழுந்து சன்னல் வழியாகப் பார்த்து, ஆயாவைக் கூப்பிட்டு, பலா மரத்தடியில் நிற்கும் பெண்ணைக் கண்ணாடிக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

தோல் டாக்டர் வாரம் ஒரு நாள்தான் வருவார். அதுவரை நான் தாங்கமாட்டேன் என்று குழந்தை டாக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். லேபிலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய்கள் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றி வைத்தார்.

"சூடா, தணுப்பா?"

"தெரியலை, டாக்டர்."

"இப்போ?"

"தெரியலை."

முன்கையில், முழங்கையில், காதுமடலில், காலில் எல்லாம் வைத்தார். அங்கெல்லாம் சரியாகச் சொன்னேன். முழங்கையின் பின்னால் நரம்பை அழுத்திப் பார்த்தார். "கண்ணைத் திற" என்றார். "நீ பயப்படற குஷ்டம் இல்லை இது. அதுவா இருந்தா இப்படி ரெண்டு கையிலயும் கையுறை போட்ட மாதிரி ஒரே அளவுல நிக்காது. நரம்பும் தடிக்கலை. இது கார்பாலிக். மரத்துப்போக வெச்சிருக்கு." தோல் டாக்டரும் அதையே சொன்னார். லோஷனில் இனிக் கை படக்கூடாது, ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஓரளவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

இருந்த பயமெல்லாம் அன்று போனது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும். இடையில் நான் தொட்டுச் "சரி" என்று சொன்ன கால்கள் எத்தனை? அந்த மாதங்களில் இறந்த குழந்தைகள் உண்டு. அவை எதனால் இறந்தன என்று சீட்டில் எழுதியிருக்கிறது. சீட்டில் எழுதியதை நான் நம்புகிறேன். முழுதாக நம்புகிறேன் என்று எழுத முடியவில்லை.

லோஷனில் கை வைக்கக்கூடாதவளுக்கு அந்த அறையில் இடம் இல்லை. பொறுப்பு வேறொரு சிஸ்டருக்குப் போனது. என்னைத் துணி ஸ்டோருக்கு மாற்றினார்கள். காலையில் போர்வை எண்ணி வாங்க வேண்டும், மாலையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு குழந்தையின் மூச்சு மாறுவதை முதுகு திரும்பியிருந்தும் கேட்கத் தெரிந்த நான், எந்தப் போர்வையில் கிழிசல் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொல்லங்கோட்டுப் பெண் சாப்பாட்டு நேரத்தில் வந்து அறைச் செய்தி சொல்வாள். "எங்களுக்கெல்லாம் கையுறை வந்துது சேச்சி. எல்லாம் உங்க பேரிலதான்" என்றாள். நான் சிரித்துவைத்தேன்.

சித்தூர்ப் பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு போனதை ஸ்டோர் சன்னலிலிருந்து பார்த்தேன். குழந்தையைப் புதுத் துண்டில் சுற்றியிருந்தாள். நடக்கும்போதே துண்டுக்குள் கையை விட்டுக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். என் சன்னல் பக்கம் திரும்பவில்லை. நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

நாலு மாதம் போர்வை எண்ணினேன். பிறகு எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். எந்த லயத்தைவிட்டு வெள்ளைச் செருப்போடு போனேனோ அங்கேயே திரும்புவது எனக்குச் சுலபமாக இல்லை. பஸ்ஸைவிட்டு இறங்கியபோது குழாயடியில் அதே பெண்கள்.

"என்னட்டி, பெரிய ஆஸ்பத்திரி வெரட்டிருச்சாக்கும்?"

"வெரட்டல. கை கெட்டுப்போச்சு" என்றேன். பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஒருத்தி என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். வீட்டில் அம்மா என் விரல்களை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். தன் விரலால் என் விரலை அழுத்தினாள். "தெரியுதா?" என்றாள். "தெரியல." "எனக்கும் தெரியலட்டி" என்றாள். அடுப்பிலிருந்த பானையை வெறுங்கையால் இறக்கிவைத்துவிட்டுச் சோறு போட்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில்கள். இன்குபேட்டர் கிடையாது, கண்ணாடி அறை கிடையாது. குறைமாதக் குழந்தை பிறந்தால் அதன் அம்மாவின் பக்கத்திலேயே கிடக்கும். கையைச் சோப்பில் கழுவினால் போதும். முதல் வாரமே ஒரு குழந்தை, எட்டு மாதத்தது. பழக்கத்தில் என் கை அதன் காலுக்குப் போனது. எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் கேட்டேன். அவளும் கொழுந்து எடுப்பவள்; விரலைப் பார்த்தேன், என்னுடையதைவிடத் தடிப்பு. "விரல் வேண்டாம். மணிக்கட்டு உள்பக்கத்தை வெச்சுப் பாருங்க" என்றேன். வைத்துப் பார்த்துச் சொன்னாள். சரியாகச் சொன்னாள். அன்று ரிப்போர்ட் புத்தகத்தில் ஒரு கோடு இழுத்து, "தாய் சொன்னது" என்று ஒரு பத்தி சேர்த்தேன். தோட்டத்து டாக்டர் இது எதற்கு என்று கேட்டார். எனக்கு வேண்டும் என்றேன். அந்தத் திமிர் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது சில காலைகளில் டீ டம்ளரின் சூடு கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் தெரிகிறது. போன மாதம் மேட்ரனிடமிருந்து கடிதம் வந்தது. கை எப்படி இருக்கிறது, லோஷனை மாற்றிவிட்டோம், அறையில் அனுபவம் உள்ளவர்கள் இல்லை, வருகிறாயா என்று கேட்டிருந்தார். அன்றைக்கெல்லாம் என் கால் தரையில் இல்லை. மறுநாள் உட்கார்ந்து பதில் எழுதினேன்: மூன்று விரலுக்கு உணர்ச்சி வந்திருக்கிறது, அம்மாக்களை உள்ளே விடுவதானால் வருகிறேன்.

மேட்ரனின் பதில் மூன்று வரிதான்: விதி மாறவில்லை. கதவுக்கு உள்ளே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். ஒரு நேரத்துக்கு ஒரு தாய்.

அந்தக் கடிதம் வந்தபோது மூன்றாம் கட்டிலில் ஏழரை மாதக் குழந்தை ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதன் அம்மாவுக்கு இது முதல் பிள்ளை, வயது பத்தொன்பது. இன்று காலையில் போய் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். "காலு கதகதன்னு இருக்குக்கா. நீங்களும் பாருங்களேன்" என்றாள்.

என் மூன்று விரல்களை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது போலத்தான் இருந்தது. புத்தகத்தில் அவள் சொன்னதை எழுதினேன். பிறகு மேட்ரனுக்கு ஒரு கார்டு எழுதினேன்: இந்தக் குழந்தை வீட்டுக்குப் போன பிறகு வருகிறேன், ஸ்டூலை எடுத்துவிட வேண்டாம்.